டொங்கிளில் பிழை இல்லை

இரத்மலானையில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆறு வருடம் வேலை செய்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவோடு இருந்தேன். காலையில் காலி வீதியில் எல்லோரும் நகர மையமான கோட்டைப் பக்கம் போவார்கள். நான் எதிர்ப்பக்கம் போகிறவள் என்பதால் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும். அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

மூன்று மொழிகளுக்கும் தனித்தனி வரிசை. தமிழ் வரிசையில் ஒரு ஷிப்டுக்கு நான்கு பேர்தான். டேட்டா, டொங்கிள் பிரச்சினைகள் பெரும்பாலும் எனக்கு வரும். டொங்கிள் என்பது லப்டொப்பில் செருகி இன்டர்நெட் எடுக்கிற சின்னக் கருவி; உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டுக்கு ரவுட்டர் வந்த பிறகு அதை வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் பழையதை வைத்திருந்தவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள், அவர்கள்தான் எங்களுக்குக் கோல் எடுப்பார்கள்.

எங்கள் முன்னால் திரையில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். கழற்றித் திரும்பச் செருகச் சொல்லுங்கள். வேறு துளையில் செருகச் சொல்லுங்கள். லப்டொப்பை நிறுத்தித் திரும்பப் போடச் சொல்லுங்கள். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் அருகிலுள்ள கிளைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரு அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்கிற ஒவ்வொரு அழைப்பிலும் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றும் இருந்தது: "இது உங்களுக்கு வேலை செய்யும், கவலைப்படாதீர்கள்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆறு வருடத்தில் ஐந்து வருடம் நான் ஒரு டொங்கிளைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பயிற்சியின்போது படம் காட்டினார்கள். வீட்டில் நாங்கள் பாவித்தது ரவுட்டர். எந்த லைட் எப்போது எரியும், எந்த நிறம் எதைக் குறிக்கும் என்று நித்திரையிலும் சொல்லுவேன். அது எவ்வளவு பாரம் என்று கேட்டிருந்தால் தெரியாது.

கொட்டாஞ்சேனை அன்ரி முதல் முறை எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. குரலை வைத்து அறுபது வயதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன். முதலில் 'மேடம்' என்றுதான் சொன்னேன். "மேடம் எல்லாம் வேணாம், அன்ரின்னு சொல்லுங்க" என்றார்.

"சொல்லுங்கோ அன்ரி, என்ன பிரச்சினை?"

"மகன் வந்து புது லப்டொப் ஒண்ணு வாங்கித் தந்துட்டு டோஹாவுக்குப் போயிட்டான். பழசுல ஸ்கிரீன் செத்துப் போச்சு. டொங்கிள் அதே டொங்கிள்தான் மகள். புதுசுல போட்டா எடுக்குதில்ல."

"டொங்கிளில லைட் எரியுதோ?"

"பச்சை வெட்டி வெட்டி எரியுது."

"லப்டொப்பில ஏதாவது வருதோ?"

"சீடி மாதிரி ஒரு படம் வருது. அப்புறம் கீழ மூலையில மஞ்சள் கலர்ல ஒண்ணு வந்து போகுது."

"அதைக் கவனிக்காதேங்கோ. அந்த சீடிப் படத்தை ரெண்டு தரம் அமத்துங்கோ."

அமத்தினார். மென்பொருள் ஏறியது, திறந்தது, 'சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை' என்றது. ஸ்கிரிப்டில் இருந்த ஒவ்வொன்றையும் செய்யச் சொன்னேன். அவர் நிதானமாக, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் செய்தார். ஆறு நிமிடம் தாண்டி, திரையில் நேரம் காட்டும் எண் சிவப்பாகிவிட்டது. கடைசியில் கிளைக்குக் கொண்டுபோகச் சொல்லி, இது உங்களுக்கு வேலை செய்யும், கவலைப்படாதீர்கள் என்று முடித்தேன்.

மூன்று நாள் கழித்துத் திரும்ப எடுத்தார். கிளையில் தங்கள் கணினியில் செருகிப் பார்த்தார்களாம்; உடனே வேலை செய்ததாம். 'டொங்கிளில் பிழை இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். லப்டொப் வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால், அவர்கள் வேறு பென் டிரைவ் ஒன்றைச் செருகிக் காட்டி, 'லப்டொப்பில் பிழை இல்லை' என்றார்களாம்.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதான் மகள். வீட்டுக்கு வந்தா மட்டும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பார்க்க மாட்டேங்குது."

மறுபடி அதே படிகளைச் செய்தோம். அதற்கடுத்த கிழமையும் எடுத்தார். நான்கு பேர்தான் என்பதால் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. மூன்றாம் தடவை நான் கேட்டேன், இன்டர்நெட் அவசரமாக எதற்குத் தேவை, வேறு யாருடைய போனிலாவது எடுக்க முடியாதா என்று. அது ஸ்கிரிப்டில் இல்லாத கேள்வி.

அவருடைய கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஐந்து மாதம். வலது கை, கால் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போய்விட்டது. சொல்வது எல்லாம் அவருக்கு விளங்குமாம், ஆனால் வாயில் சொல் வராதாம். தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் கொழும்பில் கிடைக்கவில்லை. யாரோ சொல்லி மட்டக்களப்பில் ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு லப்டொப்பில் வீடியோவில் வருவாராம். பத்துப் பன்னிரண்டு சொல் வந்திருந்ததாம். லப்டொப் பழுதான பிறகு மூன்று செவ்வாய் போய்விட்டது. அன்ரியிடம் இருந்தது பட்டன் போன். அந்தப் பழைய கட்டடத்துக்குள் புதிதாக வயர் இழுக்க வீட்டுக்காரர் விடவில்லை.

"வேற ஏதாவது வாங்கலாம்தான். ஆனா நீங்க எல்லாரும் இது வேலை செய்யும்னுதானே சொல்றீங்க. இன்னைக்கு சரியாகும், நாளைக்கு சரியாகும்னு இருக்கேன்."

அழைப்பு முடிகிற இடத்தில் அந்த வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "வைக்கிறன் அன்ரி" என்று மட்டும் சொன்னேன். அதற்காக அந்த அழைப்பில் எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

வாடிக்கையாளரின் முகவரி எங்கள் திரையில் தெரியும். மேசைக்குப் பேனையோ போனோ கொண்டுபோக முடியாது. ஆனால் வீதியும் ஒழுங்கையும் வீட்டு இலக்கமும் போன் நம்பரும் தலையில் நின்றுவிட்டன. நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் பார்த்தேன், தற்செயலாக என்று சொன்னால் பொய்.

அன்று பின்னேரம் வீட்டிலிருந்து என்னுடைய போனில் எடுத்தேன்.

"அன்ரி, நான் டொங்கிள் விஷயமா கதைச்ச பிள்ளை. கொம்பனியால எடுக்கேல்லை, என்ர பாட்டுக்குத்தான் எடுக்கிறன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ?"

ஏமாற்றுக்காரர் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"நம்பர் ஏதாவது வரும், அதைச் சொல்லுங்கன்னு கேப்பீங்களா?"

"இல்லை அன்ரி, ஒண்டும் கேக்க மாட்டன்."

"அப்ப எப்பவும் கேப்பீங்களே, அதை ஒருக்காக் கேளுங்க பாப்பம்."

"டொங்கிளில லைட் எரியுதோ?" என்றேன்.

"ஆ, நீங்கதான். வாங்க மகள்."

அக்கா இதைக் கேட்டுக்கொண்டு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கென்ன விசரோ? வேலை போகும்" என்றாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை, ஒன்றும் இல்லாமல் போகக்கூடாது என்று ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கித் தந்தாள்.

புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொன்று. ஒழுங்கையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கோயில் மணிக்கூட்டுப் பக்கம் கடையொன்றில் 'கிரேன் ஐயா வீடு' என்று கேட்கச் சொல்லியிருந்தார், கேட்டவுடன் காட்டினார்கள். அன்ரியின் கணவர் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். மேல்மாடி. மரப்படி ஒடுக்கம், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நான்கு பேர் கதிரையோடு தூக்கி ஏற்றினார்களாம், அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

அன்ரி நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தார். ஐயா ஜன்னலோரம் இருந்தார். சாரமும் இஸ்திரி போட்ட சேர்ட்டும், வலது கை ஒரு தலையணையின் மேல். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வயிற்றிலிருந்து ஏதோ ஒரு சத்தம் கிளம்பி, தொண்டையில் நின்றது.

"இருக்கச் சொல்றார்" என்றார் அன்ரி.

லப்டொப் சாப்பாட்டு மேசையில், மேலே ஒரு லேஸ் துணி போட்டு மூடியிருந்தது. டொங்கிளைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள் வைத்திருந்தார். அதைத் திறந்து என் கையில் வைத்தார். வெள்ளை நிறம், லைட்டர் அளவு, ஒரு பக்கம் மூடி. ஒரு பாரமும் இல்லை. நான் மூடியைக் கழற்றி லப்டொப்பின் துளையில் வைத்து அழுத்தினேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"மறுபக்கம் மகள்" என்றார் அன்ரி.

திருப்பினேன், போனது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இதை முன்ன பார்த்ததே இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். "படத்தில பாத்தனான் அன்ரி. கையில எடுத்ததில்லை" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தார். "அப்ப ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் இவ்வளவு நாளும் கதைச்சிருக்கம்" என்றார். ஐயா ஜன்னலோரத்திலிருந்து சிரித்தார். சிரிப்பு மட்டும் அவருக்கு முழுதாக வந்தது.

பச்சை லைட் வெட்டி வெட்டி எரிந்தது. சீடிப் படம் வந்தது. அந்த வகை டொங்கிள்கள் இரண்டு வேஷம் போடும்: செருகியவுடன் தன்னை ஒரு சீடி என்று காட்டும், அதிலிருந்து மென்பொருளை ஏற்றிய பிறகு சீடி வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மாறும். மாறினால்தான் இன்டர்நெட். இந்த லப்டொப்பில் அது சீடியாகவே நின்றது.

பிறகு திரையின் கீழ் மூலையில், மஞ்சள் முக்கோணம் போட்ட சின்னப் பெட்டி ஒன்று வந்தது. நான் வாசிக்கத் தொடங்க முன்னம் அன்ரி கையை நீட்டி அதை மூடினார்.

"என்ன அன்ரி அது?"

"அதுதான் எப்பவும் வருமே. முதல் நாளே சொன்னேன், மஞ்சள் கலர்ல ஒண்ணு வருதுன்னு. கவனிக்காதீங்கன்னு சொன்னீங்க. அதான் வந்த உடனே மூடிருவேன்."

டொங்கிளைக் கழற்றித் திரும்பச் செருகினேன். பெட்டி திரும்ப வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி: இந்தச் சாதனத்தின் டிரைவரை ஏற்ற முடியாது, லப்டொப்பின் பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுக்கிறது. டிரைவர் என்பது கருவியோடு எப்படிப் பேசுவது என்று கணினிக்குச் சொல்லும் சிறு மென்பொருள். அது உள்ளே போகாவிட்டால் மோடம் இருப்பதே கணினிக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். முதல் நாள் மூன்றாவது நிமிடத்தில் அவர் என்னிடம் சொன்னது. நான் கவனிக்காதேங்கோ என்று சொன்னது.

"பிழை என்னில அன்ரி" என்றேன். அவர் தேத்தண்ணீர் போட எழுந்து போனார்.

என் போனில் தேடிப் பார்த்தேன். அந்தப் பாதுகாப்பை நிறுத்துவதற்கு ஒரு இடம் இருந்தது, இரண்டு கிளிக்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலையும் வைத்துவிட்டேன். நிறுத்தினால் ஆபத்து வரலாம் என்று கீழே எழுதியிருந்தது. என்ன ஆபத்து என்று எனக்கு விளங்கவில்லை. மகன் தன் போன் இன்டர்நெட்டை வைத்து வங்கி வேலைகளையும் அதில்தான் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு விளங்காத ஒன்றை இன்னொருவர் வீட்டில் நிறுத்திவிட்டுப் போக மனம் வரவில்லை. விளங்காமலே ஏற்கனவே நிறையச் செய்திருந்தேன். பக்கத்தை மூடினேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. என் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டு லப்டொப்பை இணைத்தேன். அன்ரி பட்டன் போனில் மட்டக்களப்புக்கு எடுத்து, "இன்னைக்கு வாறோம்" என்றார்.

பயிற்சி கொடுப்பவர் முப்பது வயதுப் பெண், கண்ணாடி போட்டிருந்தார். ஐயாவை மேசைக்குக் கொண்டுவந்து இருத்தினோம். திரையில் அவர் முகத்தைக் கண்டதும் ஐயா இடது கையைத் தூக்கினார். எங்கே இவ்வளவு நாளும் என்று அந்தப் பெண் கேட்டார். அன்ரிதான் சொன்னார்: "கம்பெனிக்காரங்க நாளைக்கு சரியாகும்னு சொன்னாங்க." நான் கமராவுக்குத் தெரியாத பக்கம் நின்றேன்.

"இந்த மாசங்கள்தான் அவருக்கு முக்கியம் அன்ரி. விட்டா வந்ததும் போயிரும்" என்றார் அந்தப் பெண். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு கோப்பையின் படத்தைக் காட்டினார்.

ஐயா அதைப் பார்த்தார். உதடு குவிந்தது, விரிந்தது. நெற்றியில் நரம்பு தெரிந்தது. நீண்ட நேரம் கழித்து, "கப்பல்" என்றார்.

சொன்னவுடனேயே பிழை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது கையால் மேசையைத் தட்டினார்.

"ஓம் ஐயா, கப்பலும் நல்லாத்தான் இருக்கும். இது தேத்தண்ணி குடிக்கிறது. கோ..."

"கோ" என்றார். நிறுத்தினார். அன்ரி வாயைத் திறந்தபோது அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினார். நாங்கள் மூன்று பேரும் சும்மா இருந்தோம். கீழே ஒழுங்கையில் மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு வந்து, கூவிக்கொண்டே போனார்.

"கோப்ப" என்றார் ஐயா.

முதலில் வந்திருந்த சொற்களில் பாதி அன்று வரவில்லை. 'தண்ணி' வந்தது, 'கதவு' வந்தது. மனைவியின் பெயர் வரவில்லை. அது முன்பு வந்ததாம். அன்ரி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினார்.

அடுத்த நாள் மத்தியானம், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த ஒருவரைத் தேடிப் போனேன். சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். கன்டீனில் எப்போதும் தனியாக இருந்து சாப்பிடுவார். அதுவரை அவரோடு நான் பேசியதில்லை. சிங்களத்தில் 'அய்யே', அதாவது அண்ணா, என்று கூப்பிட்டு, மஞ்சள் பெட்டியில் இருந்ததைச் சொன்னேன். மாடல் எது என்று கேட்டார். சொன்னேன். சோற்றுப் பார்சலை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"நங்கி, அது புது லப்டொப்பில் வேலை செய்யாது. அந்த டிரைவர் பழசு, செய்தவர்கள் புதுப்பிக்கவில்லை. புது லப்டொப்கள் அந்த மாதிரிப் பழசுகளை உள்ளே விடாது. பாதுகாப்பை நிறுத்தினால் ஓடலாம். ஆனால் நிறுத்தச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"ஒரு வருடம் இருக்கும். எழுதி அனுப்பினேன்."

"எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே. நாங்கள் வேலை செய்யும், வேலை செய்யும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்."

அவர் தோளைக் குலுக்கினார். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் வேறு மாடி.

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். மேசை லாச்சியை இழுத்தார்; உள்ளே நிறைய டொங்கிள்கள். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன், ஐம்பது அறுபது ஒன்றாக. அதில் ஒன்றைத் தேடி எடுத்தார். இது கொஞ்சம் பிந்திய வகை, சீடி வேஷம் எல்லாம் போடாது, செருகினால் லப்டொப் இதை ஒரு சாதாரண நெட்வேர்க் வயர் செருகினது போல நினைத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை என்று விளக்கினார். அவர்கள் வீட்டில் இருக்கும் அதே சிம்மை இதில் போட்டால் போதும். சோதனைக்காகக் கொடுக்கப்பட்டது என்று ஒரு துண்டு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். யாருக்கு என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை திரும்பக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய டொங்கிளிலிருந்து சிம்மைக் கழற்ற என் நகம் போதவில்லை. அன்ரி ஊசி ஒன்று கொண்டுவந்தார். புதியதில் போட்டு, இந்தத் தடவை சரியான பக்கமாகச் செருகினேன். சிவப்பு, பிறகு பச்சை, பிறகு நீலம். நீலம் அசையாமல் நின்றது. மஞ்சள் பெட்டி வரவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். அன்ரி உடனே டோஹாவுக்கு வீடியோ எடுத்தார். மகன் வேலைத்தளத்தில் மஞ்சள் தொப்பியோடு நின்றுகொண்டு, "என்ன, என்ன நடந்தது, அப்பாவுக்கு ஏதாவதா?" என்று பதறினார். ஒன்றும் இல்லை, இன்டர்நெட் வந்துவிட்டது என்று சொல்லி அமைதிப்படுத்தவே கொஞ்ச நேரம் போனது.

நான் பிடிபட்டது அன்ரியின் நன்றியால். அவருக்கு அடுத்த கிழமை மனம் கேட்கவில்லை. எங்கள் சேவை எண்ணுக்கு எடுத்து, என் பக்கத்து மேசைப் பிள்ளையிடம் முழுதையும் சொல்லியிருக்கிறார். உங்கட பிள்ளை ஒண்ணு லீவு நாள்ல வீட்டுக்கே வந்து சரி பண்ணிக் குடுத்தது, பிஸ்கட் வேற கொண்டு வந்தது, அதுக்கு ஏதாவது நல்லது செய்யுங்க என்று. அழைப்புகள் எல்லாம் பதிவாகும். பதிவைக் கேட்டுத் தரம் பார்க்கிறவர் அதை மேலே அனுப்பினார்.

மேற்பார்வையாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் அநியாயம் செய்கிறவர் இல்லை. பக்கத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர்.

"வாடிக்கையாளரின் முகவரியைச் சொந்தத் தேவைக்கு எடுத்தீர்களா?"

"எடுத்தேன்."

"அது எவ்வளவு பெரிய பிழை என்று தெரியுமா? இன்று நீங்கள் டொங்கிள் கொண்டு போனீர்கள். நாளைக்கு வேறொருவர் வேறெதற்கோ போவார்."

அது நியாயம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்தேன். என் ஞாபகத்தில் இருந்தவரை, அந்த ஒரு மாதத்தில் இதே மாடலோடும் புது லப்டொப்போடும் என்னிடம் எடுத்தவர்களின் ஊர்களை எழுதியிருந்தேன். பெயரோ முகவரியோ இல்லை, ஊர் மட்டும். சிலாபம், வவுனியா, ஹற்றன், கல்முனை, திரும்ப வவுனியா. "இவர்கள் எல்லோருக்கும் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாடிக்கு ஒரு வருடமாகத் தெரியும், வேலை செய்யாது என்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். மனிதவளப் பிரிவுக்காரர் தாளை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தரவில்லை.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒரு மாதம் அழைப்புகளிலிருந்து எடுத்து, மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிற இடத்தில் போட்டார்கள். லாச்சிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. துண்டில் கையெழுத்து இருந்தது. அக்காவிடம் எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "வேலை போகேல்லைத்தானே" என்று சொல்லி, மின்சார பில்கள் வைக்கும் கோப்பில் அதையும் சேர்த்து வைத்தாள்.

திரும்ப அழைப்புகளுக்கு வந்தபோது ஸ்கிரிப்டில் ஒரு வரி புதிதாக இருந்தது. லப்டொப் புதியதா என்று முதலில் கேட்கவும்; ஆம் எனில், இந்த மாடல்கள் அதில் வேலை செய்யாது எனத் தெரிவித்து, மாற்று வழியைச் சொல்லவும். முதல் தடவை அந்த வரியைச் சொன்னது திருகோணமலையிலிருந்து எடுத்த ஒருவருக்கு. "வேலை செய்யாது ஐயா" என்றேன். அவர் கோபமாகிவிட்டார். "ரெண்டு மாசத்துக்கு முந்தி உங்கட ஆக்கள் செய்யும் எண்டு சொன்னவை. நான் லப்டொப்பை ரெண்டு தரம் கடைக்குக் காவினனான்." அந்த ஆட்களில் நானும் ஒருத்தியா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக்கும் ஸ்கிரிப்டில் ஒரு வசனம் உண்டு. அதைப் பார்க்காமல் என் பாட்டில் கேட்டேன்.

அன்ரியோடு தொடர்பு விடவில்லை. மாதம் ஒரு தடவை எடுப்பார், இப்போது என் சொந்த நம்பருக்கு. செவ்வாய்க்கிழமைகள் தவறாமல் நடந்தன. மனைவியின் பெயர் திரும்ப வர இரண்டரை மாதம் எடுத்தது. அது பயிற்சியின்போது வரவில்லையாம். குளியலறையில் சவர்க்காரம் கை தவறி விழுந்தபோது எரிச்சலில் கூப்பிட்டாராம். "திட்டத்தான் கூப்பிட்டார். பரவாயில்ல" என்றார் அன்ரி.

அடுத்த வருடம் அவர்கள் வத்தளையில் கீழ்வீடு ஒன்றுக்கு மாறிவிட்டார்கள். படி இல்லை, வீட்டுக்குள் வயரில் இன்டர்நெட் வந்தது, டொங்கிளுக்குத் தேவை இருக்கவில்லை. நானும் அந்த வேலையை விட்டுவிட்டு ஹெவ்லொக் டவுனில் ஒரு பாடசாலையின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். இங்கே எதுவும் வேலை செய்யாவிட்டால் எழுந்து போய்ப் பார்க்கலாம்.

போன ஐப்பசியில் வத்தளைக்குப் போயிருந்தேன். ஐயா வாசலில் கைத்தடியோடு நின்றார். நான்கைந்து சொல் சேர்த்து வசனமாகவே பேசுகிறார். களைத்துப்போனால் சொற்கள் இடம் மாறும். பஸ்ஸிலா வந்தாய் என்று கேட்டார். மத்தியானம் சாப்பிட வைத்தார்கள். கிளம்புகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. அன்ரி உள்ளே மீன் கறியைப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தார், அக்காவுக்காம். ஐயா கதவுக்குப் பின்னால் இடது கையைக் காட்டி என்னிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"அந்த... அந்தக் கு..."

குடை அங்கே கொளுவியிருப்பது எனக்குத் தெரிந்தது. எடுக்காமல் நின்றேன். மழை முற்றத்தில் அடித்துப் பெய்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி, திறந்து, திரும்பத் தொடங்கினார்.

"குட" என்றார். "கொண்டு போ."